தெருவின் தலையெழுத்தை மாற்றும் சின்ன நோட்டீஸ்... நீங்கள் பார்த்தீர்களா?

காலை நேரம். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, தெருமுனையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் வரைபடம். என்னவென்று கேட்டால், `சும்மா சர்வே சார்' என்கிறார்கள். அன்று மாலைக்குள் தெருவெங்கும் நாலைந்து கதைகள் கிளம்பிவிடுகின்றன. `ரோட்டை அகலப்படுத்தப்போறாங்களாம்', `பெரிய அபார்ட்மென்ட் வருதாம்', `மெட்ரோவுக்கு எடுக்கிறாங்களாம்', `நம்ம பிளாக்கை இடிக்கப்போறாங்களாம்.'

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. இந்தக் கதைகளில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், எது உண்மை என்று தெருவாசிகளுக்குத் தெரியாது. கவுன்சிலரைக் கேட்டால், `அது சி.எம்.டி.ஏ விஷயம்மா' என்பார். சி.எம்.டி.ஏ அலுவலகத்துக்குப் போனால், எந்தப் பிரிவில் கேட்பது என்று தெரியாது. கடைசியில், ஜே.சி.பி வந்து நிற்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

`வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்' என்பதுதான் இந்தப் பகுதிகளில் திரும்பத் திரும்ப எழும் குரல். அதைக்கூடச் செய்வதில் என்ன சிக்கல்?

முடிவெடுப்பது யார்?

1688-ல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி, இந்தியாவின் மிகப் பழைமையான மாநகராட்சி. இன்று 200 வார்டுகள், 200 கவுன்சிலர்கள். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்றால் அவர்களிடம் போகலாம். ஆனால், உங்கள் தெரு குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, அங்கே எத்தனை மாடி கட்டலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது ரிப்பன் மாளிகை அல்ல. அந்தப் பொறுப்பு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எனப்படும் சி.எம்.டி.ஏ-விடம் இருக்கிறது. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு இது.

1993 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புச் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் முதலாவது, நகர்ப்புறத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் முறைப்படுத்துவது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. சென்னையில் இந்த இரண்டிலும் பெரிய முடிவுகள் இன்னும் மாநகராட்சி மன்றத்துக்கு வெளியில்தான் எடுக்கப்படுகின்றன. சிறிய கட்டடங்களுக்கான அனுமதி மட்டும் மாநகராட்சியிடம் விடப்பட்டிருக்கிறது.

ஓட்டு வாங்கியவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவரிடம் நேரில் கேட்க வழி தெரியவில்லை. மக்களின் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

இதில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடக்கும் வரை, சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகளின் நிர்வாகம்தான். கேள்வி கேட்கும் பழக்கமும், பதில் சொல்லும் பழக்கமும் ஒருசேர விட்டுப்போன காலம் அது.

கலர் மாறினால் என்ன ஆகும்?

மாஸ்டர் பிளான் வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம் உண்டு. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம் என்று நிலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. கடலோர ஒழுங்குமுறைப் பகுதி, நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்புநிலப் பகுதி போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

ஒரு நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற வேண்டும் என்றால், உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். சி.எம்.டி.ஏ அதுகுறித்து நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபனைகளைக் கேட்கும். குறிப்பிட்ட நாள்களுக்குள் யாரும் எதுவும் சொல்லாவிட்டால், `ஆட்சேபனை வரவில்லை' என்று ஃபைல் நகரும்.

சட்டப்படி இதில் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த நோட்டீஸை யார் படிக்கிறார்கள்? டெண்டர் விளம்பரங்களுக்கும் `பெயர் மாற்றம்' அறிவிப்புகளுக்கும் நடுவே, சர்வே எண், கிராம எண் என்று நான்கைந்து வரிகள். தெருப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். தன் தெருவின் சர்வே எண் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று வீட்டுக்குப் பேப்பர் வாங்குபவர்களே குறைந்துவிட்டார்கள். செய்திகள் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டன. அந்த நோட்டீஸ் மட்டும் வரவில்லை.

மாடி ஏறும் கணக்கு

`பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், அவ்வளவுதானே?' என்று தோன்றலாம். அதில் எஃப்.எஸ்.ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. மனையின் பரப்பளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது.

சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்த இந்தக் குறியீடு, இப்போது 2. அதாவது, 10 கிரவுண்டு நிலத்தில், 24,000 சதுர அடியில், முன்பு 36,000 சதுர அடி கட்டலாம் என்றால், இப்போது 48,000 சதுர அடி கட்டலாம். 18.30 மீட்டருக்கு மேல் உயரும் அடுக்குமாடிகளுக்கு, சாலை அகலமாக இருந்தால், 3.25 வரை அனுமதி உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தினால் `பிரீமியம் எஃப்.எஸ்.ஐ' என்று, சாலையின் அகலத்தைப் பொறுத்து, 50 சதவிகிதம் வரை மேலும் கிடைக்கும்.

24 குடும்பங்கள் இருந்த இடத்தில் 60 குடும்பங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் புதிது. ஆனால், தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் பழசு. குடிநீர் இணைப்பு பழசு. மழைநீர் வடிகாலின் அளவு பழசு. கார் நிறுத்தும் இடமும் ஆம்புலன்ஸ் நுழையும் வழியும் பழசு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்த ஊர் இது. `கூடுதலாக வரும் தண்ணீர் எங்கே போகும்' என்று ஒரு குடும்பத் தலைவி கேட்டால், அதை வளர்ச்சிக்கு எதிரான கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்றில் இரண்டு பங்கு

தனியார் அடுக்குமாடிகளில் வேறுவிதமான பதற்றம். 1970, 80-களில் கட்டப்பட்ட ஃபிளாட்டுகள் பல, கம்பி தெரிய உதிர்ந்துகொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் மறுகட்டுமானம் செய்ய வேண்டும் என்றால், எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டிய நிலை. ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேலை நடக்காது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, இதை மாற்றியது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

இடியும் நிலையில் உள்ள கட்டடங்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு இது நிம்மதி. ஆனால், 12 ஃபிளாட்டுகளில் 8 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டால், மீதி 4 பேரின் நிலை என்ன? அந்த நால்வரில், கணவரின் பென்ஷனில் வாழும் 75 வயதுப் பாட்டி இருக்கலாம். இரண்டு வருடங்கள் வாடகை வீட்டில் இருந்து, மாடிப்படி ஏறி இறங்கி, திரும்பி வருவோமா என்ற கவலை அவருக்கு இருக்கலாம். அவருக்குத் தேவை வாக்கெடுப்பு மட்டுமல்ல, தெளிவான பதில்கள். பில்டரின் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, பிரிக்கப்படாத பங்கான யு.டி.எஸ் எவ்வளவு குறையும், வேலை தாமதமானால் வாடகை யார் தருவார்கள், பாதியில் நின்றால் யார் பொறுப்பு? இவற்றைத் தமிழில், எழுத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அசோசியேஷன் கூட்டத்தைக் கூட்டினால், பாதிச் சண்டை குறைந்துவிடும்.

வாடகைக்கு இருப்பவர்களின் நிலையோ இன்னும் மோசம். 15 வருடங்கள் அதே வீட்டில் இருந்திருந்தாலும், அந்த மூன்றில் இரண்டு பங்கில் அவர்களுக்கு இடமில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு வேலைக்குப் போகும் இடம் எல்லாம் பக்கத்தில் இருக்கும். வீடு மட்டும் தூரமாகப் போய்விடும்.

செல்போனில் வெளிவந்த உண்மை

அரசுக் குடியிருப்புகளில் வசிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, சென்னையில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறது. அவற்றில் பல, வயதாகி நிற்கின்றன.

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. 24 வீடுகள் நொடிகளில் தரைமட்டம். விரிசலைக் கவனித்த மக்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால், ஓர் உயிர்கூடப் போகவில்லை. பழைய கட்டடங்களை இடித்துக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

ஆனால், அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு காட்சியையும் தமிழகம் பார்த்தது. புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் புதிதாகக் கட்டப்பட்ட பல மாடிக் குடியிருப்பில், சுவரைக் கையால் தட்டினாலே சிமென்ட் பூச்சு உதிர்ந்தது. குடியேறிய மக்களே செல்போனில் அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். விஷயம் சட்டமன்றம் வரை போனது. கட்டடத்தின் தரத்தை ஆராயும் பொறுப்பு ஐ.ஐ.டி நிபுணர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டும்போதே தரப் பரிசோதனை அறிக்கைகளை மக்கள் பார்க்க முடிந்திருந்தால், குடியேறிய பிறகு சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டிய நிலை வந்திருக்குமா?

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில்தான் வாரியக் குடியிருப்புவாசிகள் நிற்கிறார்கள். இருந்தால் இடிந்து விழும் என்ற பயம். காலி செய்தால் திரும்பக் கிடைக்காதோ என்ற பயம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் கதை அவர்களுக்குத் தெரியும். மீன் விற்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும் வேலை இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளிப்போவது என்பது, பாதிச் சம்பளம் போவதற்குச் சமம்.

மறுகட்டுமானத்தின்போது வெளியே தங்குவதற்கான உதவித்தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக அரசு உயர்த்தியது. நல்ல விஷயம்தான். ஆனால், சென்னையில் ஒரு சிறிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே அது போய்விடும். கட்டடம் எப்போது முடியும், பயனாளியின் பங்குத்தொகை எவ்வளவு, ஒரே வீட்டில் வாழ்ந்த மகனின் குடும்பத்துக்குத் தனி வீடு உண்டா? இவற்றுக்கெல்லாம் எழுத்துபூர்வமான பதில், காலி செய்வதற்கு முன்பே கையில் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

பேச ஓர் இடம் இருக்கிறது!

கிராமங்களுக்கு கிராம சபை இருப்பதுபோல, நகரங்களுக்கும் ஒன்று இருப்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அதன் பெயர், பகுதி சபை. இதற்கான சட்ட வழி 2010-லேயே வந்துவிட்டாலும், விதிகள் வந்தது என்னவோ 2022 ஜூனில்தான். அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தில், தமிழகம் முழுக்கப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்கள். சொந்த வீடு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அசோசியேஷனில் பேச முடியாத வாடகைதாரர், இங்கே எழுந்து பேசலாம். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாள்கள் இதற்காகக் குறிக்கப்பட்டுள்ளன.

நடைமுறை எப்படி இருக்கிறது? கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதே பல தெருக்களுக்குப் போய்ச் சேருவதில்லை. கூட்டம் நடந்தாலும் குப்பை, கொசு, தெருநாய், தெருவிளக்கு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அவையும் முக்கியமே. ஆனால், அந்தப் பகுதியில் எந்த நிலத்துக்கு வகைப்பாடு மாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது, எங்கே உயரமான கட்டடம் வரப்போகிறது என்ற பட்டியல் அங்கே வாசிக்கப்படுவதில்லை. நில வகைப்பாட்டை மாற்றும் அதிகாரமும் பகுதி சபைக்கு இல்லை.

மக்கள் பேசும் இடத்தில் முடிவு எடுக்கப்படுவதில்லை. முடிவு எடுக்கப்படும் இடத்தில் மக்கள் இல்லை. இந்த இடைவெளியை மூடப் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. நாளிதழில் கொடுக்கும் அதே நோட்டீஸை, தெருப் பெயரோடு, எளிய தமிழில் வார்டு அலுவலகத்திலும் அந்த நிலத்தின் வாசலிலும் ஒட்டலாம். பகுதி சபையில் வாசிக்கலாம். அங்கே வரும் ஆட்சேபனைகளை எழுதி சி.எம்.டி.ஏ-வுக்கு அனுப்பலாம். ஆட்சேபனையை ஏற்றாலும் நிராகரித்தாலும், காரணத்தை வெளியிடலாம்.

மறுபக்கமும் இருக்கிறது

`ஒவ்வொரு தெருவையும் கேட்டுக்கொண்டிருந்தால் நகரம் வளருமா' என்ற கேள்வியும் நியாயமானதே. வேலை தேடி வரும் இளைஞர்களுக்கு வீடு வேண்டும். வீடுகள் குறைவாக இருந்தால் வாடகை ஏறும். மெட்ரோ ரயில் ஓடும் சாலைகளையொட்டி அதிகம் பேர் வசித்தால்தான், அந்த முதலீட்டுக்கும் பலன். `எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்' என்று எல்லோரும் சொன்னால், புதிய வீடுகள் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையிலும் விளைநிலத்திலும்தான் முளைக்கும்.

ஆனால், தகவல் சொல்வதால் வேலை தாமதமாகும் என்ற வாதம் அவ்வளவாக எடுபடாது. கடைசி நேரத்தில் தெரிந்தவர்கள்தான் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள், தடை வாங்குகிறார்கள். சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி தரும் திட்டத்தை 2024-ல் தமிழக அரசு தொடங்கியது. 2,500 சதுர அடி மனையில், 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு இது பொருந்தும். அனுமதியை செல்போனுக்கு அனுப்ப முடிந்த அரசால், அறிவிப்பையும் அனுப்ப முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* முதலில் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, சர்வே எண்ணையும் கிராமத்தின் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சி.எம்.டி.ஏ இணையதளத்தில் உங்கள் நிலத்தின் வகைப்பாட்டைத் தெரிந்துகொள்ள அதுதான் சாவி.

* கட்டுமானம் நடக்கும் இடத்தில், அனுமதி எண் உள்ளிட்ட விவரங்களுடன் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. பலகை இல்லையென்றால் கேளுங்கள். இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட புதிய புராஜெக்ட்டுகள், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அந்த இணையதளத்திலும் விவரங்களைப் பார்க்கலாம்.

* தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி, 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனிலும் வசதி உண்டு. 30 நாள்களில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். நகல் கேட்பது மட்டுமல்ல, ஃபைலையே நேரில் பார்வையிடவும் இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

* `ஏன் அனுமதி கொடுத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். `இந்த சர்வே எண்ணுக்கான வகைப்பாடு மாற்ற உத்தரவின் நகல், அதற்கு வந்த ஆட்சேபனைகளின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

* ஆட்சேபனையைத் தனியாக அனுப்புவதைவிட, தெருவாசிகள் சேர்ந்து கையெழுத்திட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட கோபத்துக்கு ஃபைலில் இடமில்லை.

அடுத்த 20 ஆண்டுகள்

2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-டன் முடிகிறது. மூன்றாவது மாஸ்டர் பிளான், 2046 வரைக்குமானது. இன்று மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தை, வேலைக்குப் போய், கல்யாணமாகி, வீடு தேடும் வரைக்குமான திட்டம் அது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பூங்கா, எந்த நீர்நிலையைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதில் எழுதப்படும்.

ஒரு மாஸ்டர் பிளானின் வரைவு வெளியிடப்பட்டால், மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். பெரிய நிறுவனங்கள் அந்த இரண்டு மாதங்களில் நிபுணர்களை வைத்து வரைபடத்தை அங்குலம் அங்குலமாகப் படித்துவிடும். தெருவாசிகளுக்கு நிபுணர்கள் இல்லை. ஆனால், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் தேங்கும், எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எந்த முனையில் ஸ்கூல் வேன் திரும்ப முடியாது என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பகுதி சபைக்கு உங்கள் கவுன்சிலர் அழைப்பாரா என்று காத்திருக்க வேண்டாம். கூட்டம் எங்கே என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். குப்பை, தெருவிளக்கோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொண்டு போங்கள்.

`எங்கள் பகுதியில் வகைப்பாடு மாற்றம் கேட்டு எத்தனை விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன?'

பதில் இல்லையென்றால், அந்தக் கேள்வியையாவது கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்!